மாதிரி ஓட்டும் நிஜ ஓட்டும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, உன் தங்கச்சி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லக்கூடாதா, இந்தக் காலத்தில் கடிதம் எதுக்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ வாக்கியத்துக்கு வாக்கியம் சரி விடும்மா, சரி விடும்மா என்பாய், எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி. புதிதாகக் கட்டின ஆஸ்பத்திரிக் கட்டடத்து லிஃப்ட் எல்லாம் இவர் தலையில் விழுந்திருக்கிறது, ஒன்று ஏறினால் இறங்க மாட்டேன் என்கிறதாம், ஒன்று இறங்கினால் ஏற மாட்டேன் என்கிறதாம். ஊர் லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிற மனுஷன் நம் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவதை இன்னும் பார்க்கவில்லை. கேட்டால் அது என் டிபார்ட்மெண்ட் இல்லை என்று பதில் வருகிறது. நானும் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி வட்டார மாணவர் பேரவைக்குத் தலைவியானதற்கு வாழ்த்துச் சொல்ல நீ போன் செய்தாய், அவள் தேங்க்ஸ் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாள். பதவி வந்ததும் அம்மணிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நீ குடும்ப குரூப்பில் கேலியாகப் போட்டாய், உன் சித்தி வேறு அதற்குச் சிரிக்கிற பொம்மை நாலு போட்டாள். தலைக்கனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளை இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. தப்பு அவள் மேல் இல்லை, என் மேல். நடந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொன்னதே அவள்தான், அண்ணனிடம் நீயே சொல்லிடு, நான் சொன்னா அவன் ஜோக்கடிப்பான் என்றாள். அதனால் ஜோக்கடிக்காமல் படி.

நான் நடத்துகிற பேரவை என்றால் என்ன என்று உனக்கு எங்கே தெரியப் போகிறது, படிக்கிற காலத்தில் நீ ஓவியப் போட்டி என்றால் ஓடுவாய், பேரவை என்றால் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாய். வட்டாரத்தில் இருபது பள்ளிக்கூடம், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு பொறுப்பாசிரியர். பிள்ளைகள் கூடிப் பேசி, இன்னது வேணும் என்று கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பார்கள். கேட்டதில் பாதி கிடைக்கும். பெண்கள் கழிப்பறைக்கு ஒழுங்கான தாழ்ப்பாள் வந்தது இவர்களால்தான், பெரியவர்கள் நாங்கள் கேட்டு வரவில்லை. வருஷா வருஷம் இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்தலை நடத்துவது நான். இந்த வருஷம் உன் தங்கச்சி நிற்கப் போகிறேன் என்றதும், என் மகள் நிற்கிற தேர்தலை நானே நடத்துவது நன்றாக இருக்காது, வேறு யாராவது பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்கள் கூட்டத்தில் சொன்னேன். அத்தனை பேரும் கூரையில் ஓடுகிற மின்விசிறியை ஆராய்ச்சி செய்தார்கள். நீங்களே பாருங்க மேடம், உங்க மேல யாருக்கு சந்தேகம் வரப் போகுது என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நின்றது மூன்று பேர். ஒன்று நம்ம வீட்டு வாண்டு. கலர் பேனாவை எல்லாம் காலி செய்து போஸ்டர் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி எங்கள் காதைப் புண்ணாக்கிவிட்டாள். இன்னொருத்தன் பெரிய பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் பையன், வாசற்படியில் குனிந்துதான் வருவான், அவ்வளவு உயரம். மூன்றாவது, பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தில் இருக்கிற பள்ளியிலிருந்து ஒரு பெண், அவள் அப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசுவாள், போஸ்டர் கிடையாது ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு விஷயம்தான் கேட்கிறாள். சாயங்காலம் பள்ளி முடிந்து பாட்டு, விளையாட்டு, விஞ்ஞானக் குழு என்று எல்லாம் நடக்கிறது, அது முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது, தூரத்துப் பிள்ளைகள் எதிலும் சேர முடிவதில்லை, ஒரு பஸ்ஸைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் போதும் என்கிறாள். நம்ம வாண்டு பதினாறு வாக்குறுதி எழுதி வைத்திருந்தாள், நான் எண்ணிப் பார்த்துச் சிரித்தேன், அவளுக்குக் கோபம்.

தேர்தல் அன்றைக்குக் காலையில் மாதிரி ஓட்டு என்று ஒன்று வைப்பது என் வழக்கம். பிள்ளைகளுக்குச் சீட்டை மடிக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பவனிடம் காட்டுவார்கள். ஒரு வருஷம் ஒருத்தன் நின்ற அத்தனை பேருக்கும் குறி போட்டுவிட்டு, யார் மனசும் கஷ்டப்பட வேணாம்னுதான் டீச்சர் என்றான். அதனால் ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம் என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்து ஒரு தடவை போட வைத்து, எல்லார் முன்னாலும் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு எண்ணிக் காட்டுவேன், எண்ணுவது எப்படி என்றும் தெரிய வேண்டுமே. சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு, அப்புறம் நிஜ ஓட்டு. இந்தத் தடவை பார்த்து ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினுக்கு என்ன கேடு வந்ததோ, பழச் சீட்டை எல்லாம் கறுகறுவென்று துப்பிவிட்டது, ஆப்பிளும் தெரியவில்லை, ஆரஞ்சும் தெரியவில்லை. நேரமோ ஓடுகிறது, பிள்ளைகள் ஹாலில் கூச்சல். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் இருக்கிறாரே, எனக்கு எல்லாவற்றுக்கும் கூட நிற்கிறவர், அவர் வந்து நிஜச் சீட்டுதான் கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு அடித்து வைத்திருக்கிறோமே, பாதியில் மாதிரி என்று முத்திரை குத்திக் கொடுத்துவிடலாம் என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். பழத்துக்குப் பதில் பிள்ளைகளின் பேரைக் கொடுத்தால் அது மாதிரியா? எத்தனை வருஷமாக இதை நடத்துகிறேன், புத்தி எங்கே போயிற்று என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

விளையாட்டு ஓட்டுத்தானே என்று பிள்ளைகள் மனசில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டார்கள். நான் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படிக்கிறேன், கணக்கு வாத்தியார் கோடு போடுகிறார். ரொட்டிக்கடைக்காரர் மகள் பேருக்கு எதிரே கோடு ஓடிக்கொண்டே போகிறது. உயரக்காரனுக்கு அதில் பாதி. நம்ம வாண்டுக்கு நாலு. நாற்பதில் நாலு. பாதியில் நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா, நான் பெற்றவள் இல்லையா. இது சும்மா பழகிப் பார்ப்பதற்குத்தான், இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பலகையை நானே துடைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் பேசினார்கள். உன் தங்கச்சி நன்றாகத்தான் பேசினாள், அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது, பதினாறில் பத்தை விட்டுவிட்டு ஆறை மட்டும் சொன்னாள். நிஜ ஓட்டை எண்ணினால் அவளுக்கு இருபத்தேழு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சுத்தான் மாற்றிவிட்டது, என் மகள் பேசியே ஹாலைத் திருப்பிவிட்டாள் என்று நினைத்தேன். பைத்தியக்காரி! சட்டையில் பேட்ஜ் குத்தி, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டேன், அதைப் பார்த்துத்தான் நீ போன் செய்தாய். அதற்குள் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கை கழுவுகிற இடத்தில் வேறு பள்ளிப் பெண் ஒருத்தி வந்து, எங்க சார் சொன்னாருன்னுதான் உனக்குப் போட்டேன், ஆனா நீ நிஜமாவே நல்லா பேசினே என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை பாவம். இவள் இன்னும் நாலு பேரைப் பிடித்து விசாரித்திருக்கிறாள். எல்லாருடைய சாரும் மேடமும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து உன் போனை வைத்துவிட்டு, பேட்ஜைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். அப்பா என்ன ஆச்சும்மா என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, நீ சொல்லச் சொன்னியா என்று கேட்டாள். உன் அம்மாவை ஒரு பிள்ளை இப்படிக் கேட்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு முதலில் விளங்கவே இல்லை, விளங்கின பிறகு கோபம்தான் வந்தது. நான் எதுக்கடி சொல்லப் போகிறேன், உனக்குக் கிடைத்தது நாலு என்றால் நாலுதான் என்று கத்திவிட்டேன். அதைக் கத்திச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். 

மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியாரைப் பிடித்தேன். அவர் மறைக்கவே இல்லை. ஆமாம் மேடம், சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய், உங்க பசங்ககிட்ட சொல்லுங்கன்னு மத்த டீச்சர்கள்கிட்ட சொன்னேன், இவ்வளவு வருஷமா ராப்பகலா உழைக்கிறீங்க, உங்க பொண்ணுக்கு எல்லார் முன்னாடியும் நாலு ஓட்டுன்னா உங்களுக்கு எவ்வளவு அவமானம், பசங்க விளையாட்டுக்குத்தானே போட்டாங்க, ஒரு வார்த்தை சொன்னா மாத்திப் போட்டுடப் போறாங்க என்று நினைச்சேன் என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் பார், எவ்வளவு பெரிய அநியாயம் பார்! எனக்குக் காய்ச்சல் என்றால் என் வகுப்பையும் சேர்த்து எடுப்பவர் அவர். திட்டவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், சார், அவமானம் என்றால் இதுதான் சார் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அவரையும் ரொம்பக் குற்றம் சொல்ல முடியாது. நான் பலகையில் அந்த நாலு கோட்டைப் போட விடாமல் இருந்திருந்தால் அவர் எதற்காகப் போய்ச் சொல்லப் போகிறார்.

அப்பா உன் தங்கச்சியிடம், பேசாம ராஜினாமா பண்ணிட்டு நிம்மதியா இரு என்றார். அதில் ஒரு சிக்கல். நடுவில் தலைவர் விலகினால் மிச்சக் காலத்துக்குப் பொறுப்பாசிரியர்கள் கூடி ஒருவரை நியமிக்கலாம் என்று பேரவை விதி. நம்ம வாண்டு அதைப் படித்துவிட்டு, மறுபடியும் அவங்கதானே முடிவு பண்ணுவாங்க, அதுக்கு நான் எதுக்கு விலகணும் என்றாள். பிறகு அவளே தேடிப் பிடித்தாள், தலைவர் நினைத்தால் அவசரக் கூட்டம் கூட்டலாம், அதில் பிள்ளைகள் முடிவு செய்தால் தேர்தலை மறுபடி வைக்கலாம். ஆசிரியர்கள் யாரும் ஹாலுக்குள் இருக்கக் கூடாது, நீயும்தான் என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என் மேல் இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை என்று எனக்குப் பட்டது. சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

மற்ற ஆசிரியர்கள் குதித்தார்கள். அப்போ நாங்க எல்லாம் தப்புப் பண்ணிட்டோம்னு சொல்றீங்களா என்று ஒரு மேடம் மேஜையைத் தட்டினார். மாதிரி ஓட்டில் நிஜப் பேரைக் கொடுத்தது என் தப்பு, சாப்பாட்டு நேரத்தில் நடந்தது உங்கள் தப்பு, இரண்டையும் பிள்ளைகள் சுமக்க வேண்டாம் என்றேன். கல்வி அலுவலகத்துக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் இந்தப் பொறுப்பு என்னிடம் இருக்குமா என்று தெரியவில்லை. போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமையாவது எனக்குச் சொந்தமாகும். ஆனால் உன் தங்கச்சியிடம் மட்டும் ஒன்று கேட்டேன். கூட்டத்தை நடத்து, மறுதேர்தல் வை, ஆனால் நீ மறுபடி நிற்காதேடி, கௌரவமாக ஒதுங்கிக்கொள், இன்னொரு தடவை அந்த நாலை உனக்குப் பார்க்க வேண்டுமா என்றேன். நிக்கலைன்னா எனக்கு எப்படித் தெரியும் என்றாள். என்ன தெரியணும் என்றேன். காலில் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்றுத்தான் மறுதேர்தல். இருபது ஆசிரியர்களும், இருபத்தோராவது ஆளாக நானும், தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி வராந்தாவில் நின்றோம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை, கதவில் இருக்கிற கண்ணாடியிலும் அந்தப் பிசாசுகள் உள்ளேயிருந்து பேப்பர் ஒட்டிவிட்டன. கணக்கு வாத்தியார் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார், எனக்குத் தரும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார், நான் வாங்கிக் குடித்தேன். ஒரு தடவை உள்ளே ஓவென்று சிரிப்புக் கேட்டது, ஒரு தடவை கைதட்டல். நான் எத்தனையோ தேர்தல் நடத்தியிருக்கிறேன், வெளியே நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. நாலைவிடக் குறையாமல் இருந்தால் போதும் கடவுளே என்று நின்றேன், உண்மையைத்தான் சொல்கிறேன்.

கதவு திறந்தது. ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு இருபத்திரண்டு. உயரக்காரனுக்கு ஏழு. உன் தங்கச்சிக்குப் பதினொன்று. அவள் அந்தப் பெண்ணின் சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டு, கை குலுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.  பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள், அழவே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, பதினொண்ணும்மா என்றாள். போன வாரம் இருபத்தேழு இருந்துச்சு, யார் முகத்தையும் என்னால பார்க்க முடியல, இவ நிஜமா போட்டாளா, இவன் சார் சொல்லிப் போட்டானான்னுதான் மனசுல ஓடிச்சு, இன்னைக்கு எல்லார் முகத்தையும் பார்த்தேன், அந்தப் பதினொரு பேர் யாருன்னு தேடிட்டே இருந்தேன் என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்று உனக்குத் தெரியுமே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, பதினொன்றில் ஒன்று நீயே போட்டுக்கொண்டது, அதைக் கழித்தால் பத்துத்தானே என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, இல்லம்மா, பதினொண்ணுதான், நான் அவளுக்குல்ல போட்டேன், அந்த பஸ் வரணும்ல என்றாள்.

 அதற்குள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டோம், திரும்பி நடந்தே வந்தோம். இப்போது உள் அறையில் புத்தகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத் தூங்குகிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. நீ போன் செய்யும்போது அடுத்த வருஷம் ஜெயிப்பாய், கவலைப்படாதே என்றெல்லாம் ஆரம்பிக்காதே. அந்தப் பதினொரு பேர் யாராக இருக்கும் என்று கேள், ஒவ்வொருத்தராகச் சொல்லுவாள், காதைக் கொடுத்துக் கேள், எவ்வளவு நேரமானாலும் சரி. குரூப்பில் போட்ட அந்தத் தலைக்கனப் பேச்சையும் எடுத்துவிடு.

கண் பரிசோதனைக்கு நாள் வாங்குகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறாய், இந்த வாரமே வாங்கு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ எடுத்து அனுப்புகிற போட்டோவைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பா உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னார். எந்த வேலையில் இருந்தாலும் உனக்கு நல்ல மனுஷர்களே கூட இருக்க வேண்டும், நீயும் அவர்களுக்கு அப்படியே இருக்க வேண்டும், எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அதைத் தவிர நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

உனக்கும் உன் தங்கச்சிக்கும்
ஒரே அன்போடு,
அம்மா